கவுண்டிக்கு மெடிக்கல் எக்ஸாமினரை நியமிப்பது எப்படி: மிச்சிகன் நடைமுறையை வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்க மாநிலங்களின் உள்ளாட்சிப் பிரிவான கவுண்டியில், திடீர் மரணங்களின் காரணத்தைக் கண்டறியும் மருத்துவரான மெடிக்கல் எக்ஸாமினரின் பதவி காலியாகிறது என்றதும், கவுண்டியை நடத்தும் மன்றமான போர்டில் எழும் முதல் கேள்வி, "ஆள் யார் இருக்கிறார்கள்?" என்பதுதான். ஆள் தேடுவது பாதி வேலை முடிந்த பிறகு வரவேண்டிய கட்டம். சட்டம் என்ன தகுதி கேட்கிறது, ஆண்டுக்கு எத்தனை மரணங்கள் அலுவலகத்துக்கு வருகின்றன, உடற்கூறாய்வு எங்கே நடக்கும், யார் பணம் கட்டுவது என்ற நான்கும் எழுத்தில் இருந்தால்தான் வருகிற ஆளிடம் பேசவே முடியும். இவை இல்லாமல் நல்ல மருத்துவரைப் பிடித்தாலும் அவர் நிலைக்கமாட்டார்.

கவுண்டி நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், போர்டு கூட்டங்களைக் கவனிக்கத் தொடங்கியிருக்கும் குடியிருப்பாளர்கள், இந்தப் பதவிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மருத்துவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். எடுத்துக்காட்டுக்கு மிச்சிகன், அங்குள்ள 83 கவுண்டிகளும் ஒரே சட்டத்தின் கீழ் வருவதால் பின்தொடர எளிது.

நம் ஊர் வழக்கத்தை மனத்தில் வைத்துப் படித்தால் குழப்பம் வரும். தமிழ்நாட்டில் காவல்துறை மரண விசாரணை நடத்தும், அரசு மருத்துவமனை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்வார். இலங்கையில் திடீர் மரண விசாரணை அதிகாரியும் சட்ட வைத்திய அதிகாரியும் உண்டு. இரண்டிலும் உள்ளூர் மன்றம் கூடி வாக்களித்து ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதுதான் நடக்கிறது.

நியமிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

முதல் வேலை, உங்கள் மாநிலச் சட்டத்தைத் திறந்து பார்ப்பது. அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான விதி கிடையாது. மரணங்களை விசாரிக்கும் கரோனர் என்பவர் பெரும்பாலும் தேர்தலில் நின்று வருபவர். பல மாநிலங்களில் அவர் மருத்துவராக இருக்கத் தேவையில்லை. மெடிக்கல் எக்ஸாமினர் நியமிக்கப்படும் மருத்துவர். மாசசூசெட்ஸ் 1877 இலேயே கரோனரை நீக்கிவிட்டது. நியூயார்க் நகரம் 1918 இல் மாறியது. ஆனால் இன்றும் பல மாநிலங்களில் கரோனர்தான். இரண்டும் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளில் ஒரே சமயத்தில் இருக்கும் மாநிலங்களும் உண்டு.

மிச்சிகனில் 1953 ஆம் ஆண்டின் 181 ஆம் சட்டம், ஒவ்வொரு கவுண்டியின் கமிஷனர்கள் போர்டும் தீர்மானம் போட்டுக் கரோனர் பதவியை ஒழித்து, 4 ஆண்டு காலத்துக்கு ஒரு மெடிக்கல் எக்ஸாமினரை நியமிக்கச் சொல்கிறது. அவர் மிச்சிகனில் மருத்துவத் தொழில் செய்ய லைசென்ஸ் பெற்றவராக இருக்க வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான். ஃபோரன்சிக் பேத்தாலஜி (மரணக் காரணத்தை உடற்கூறாய்வால் கண்டறியும் மருத்துவத் துறை) படித்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. அதனால்தான் சின்னக் கவுண்டிகளில் உள்ளூர்க் குடும்ப மருத்துவரே இந்தப் பதவியில் இருந்துகொண்டு, உடற்கூறாய்வு தேவைப்படும் உடல்களை வெளியூருக்கு அனுப்ப முடிகிறது. சட்டப்படி இதில் தவறில்லை. நடைமுறையில் எந்த உடலை அனுப்புவது என்ற முதல் முடிவை அவரே எடுப்பதால், அந்தத் தீர்ப்பில் பிழை வந்தால் பின்னால் திருத்த உடலே இருக்காது.

மற்ற இடங்களில் கதை வேறு. டெக்சஸில் கவுண்டியின் கமிஷனர்ஸ் கோர்ட் நியமிக்கிறது. இந்த அலுவலகம் இல்லாத கவுண்டிகளில் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் எனப்படும் உள்ளூர் நீதிபதி மரண விசாரணை நடத்துகிறார். ஃபுளோரிடாவில் பல கவுண்டிகள் சேர்ந்த மாவட்டங்களுக்கு ஆளுநர் நியமிக்கிறார். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் 1972 இல் வாக்காளர்கள் கரோனர் பதவியை நீக்க வாக்களித்தார்கள். மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகம் 1976 இல் வந்தது. அங்கே போர்டு தலைவர் பெயரை முன்மொழிய, போர்டு ஒப்புதல் தருகிறது. பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகேனி கவுண்டி 2005 இல் வாக்கெடுப்பு நடத்தித்தான் மாற முடிந்தது. ஆகவே, கரோனரிலிருந்து மாறும் கவுண்டியாக இருந்தால் போர்டு தீர்மானம் போதுமா, வாக்காளர் ஒப்புதல் வேண்டுமா என்பதைக் கவுண்டி வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் போர்டே உள்ளூர்ச் சட்டம் இயற்றி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நியமிக்கப்படுபவர் பேத்தாலஜியில் (நோயியலில்) சிறப்புத் தகுதி பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும்.

வேலைப் பளுவை எண்ணிப் பாருங்கள்

கடந்த 3 ஆண்டுகளின் பதிவேட்டை எடுத்து நான்கு எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: அலுவலகத்துக்குத் தகவல் வந்த மரணங்கள், விசாரணைக்கு ஏற்றுக்கொண்டவை, உடலைத் திறக்காமல் வெளிப் பரிசோதனை மட்டும் செய்தவை, முழு உடற்கூறாய்வு செய்தவை. மிச்சிகன் சட்டப்படி வன்முறையால் நேர்ந்தவை, எதிர்பாராத திடீர் மரணங்கள், சிறைக் காவலில் இறந்தவர்கள், இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மருத்துவர் கவனிப்பில் இல்லாதவர்கள் ஆகியவை வந்து சேரும். கடைசி வகையில், வழக்கமாகப் பார்த்துவந்த மருத்துவர் காரணத்தைச் சரியாகச் சொல்ல முடிந்தால் விலக்கு உண்டு. அந்த மருத்துவர் தொலைபேசியை எடுக்காததால் மட்டுமே அலுவலகத்தின் தலையில் விழும் மரணங்கள் எத்தனை என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

ஐந்தாவது எண் ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: தகன அனுமதி. மிச்சிகனில் உடலைத் தகனம் செய்ய மெடிக்கல் எக்ஸாமினரின் கையெழுத்து வேண்டும். வீட்டில் வயதாகி இயற்கையாக இறந்தவருக்கும் இது பொருந்தும். அங்கே வாழும் இந்துத் தமிழ்க் குடும்பங்கள் இந்த அலுவலகத்தைச் சந்திப்பது பெரும்பாலும் இந்த ஒரு காகிதத்துக்காகத்தான். வார இறுதியில் கையெழுத்துப் போட ஆளில்லை என்றால் இறுதிச் சடங்கு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும், வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் காத்திருப்பார்கள்.

இப்போது கணக்கு. தேசிய மெடிக்கல் எக்ஸாமினர்கள் சங்கத்தின் அங்கீகார விதிகள், ஒரு பேத்தாலஜிஸ்ட் ஆண்டுக்கு 250 உடற்கூறாய்வுகளுக்கு மேல் செய்யக் கூடாது என்று பரிந்துரைக்கின்றன; 325 ஐத் தாண்டினால் அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்கின்றன. வெளிப் பரிசோதனைகளும் ஒரு விகிதத்தில் இந்தக் கணக்கில் சேரும். ஒரு கவுண்டியில் ஆண்டுக்கு 180 உடற்கூறாய்வுகள் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் ஒரே மருத்துவர் போதும். ஆனால் அவர் விடுமுறை எடுப்பார், காய்ச்சலில் படுப்பார், நீதிமன்றத்தில் நாள் முழுக்க நிற்பார். 365 நாளும் ஒருவர் இருக்க வேண்டிய வேலைக்குத் தனி மருத்துவர் ஒருவரை நம்பினால் முதல் விடுமுறையிலேயே ஏற்பாடு குலைந்துவிடும். 180 என்றால் பக்கத்துக் கவுண்டியோடு சேர்வதுதான் சரி. மிச்சிகன் சட்டம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கவுண்டிகள் ஒப்பந்தம் செய்து ஒரே மருத்துவரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. 400 என்றால் இருவர் வேண்டும், பேச்சுக்கு இடமில்லை.

சொந்த அலுவலகமா, ஒப்பந்தமா?

பெரிய கவுண்டிகள் சொந்தக் கட்டடம், சொந்த ஊழியர்கள் என்று நடத்தும். நடுத்தரக் கவுண்டிகளுக்குப் பல்கலைக்கழக மருத்துவமனையோடும் மருத்துவக் கல்லூரியோடும் ஒப்பந்தம் செய்துகொள்வது நன்றாக வேலை செய்கிறது. கலமசூவில் உள்ள வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி இப்படிப் பல கவுண்டிகளுக்குச் சேவை தருகிறது. தனியார் பேத்தாலஜி நிறுவனங்களும் உண்டு.

ஒப்பந்தம் என்றாலும் போர்டு நியமிப்பது ஒரு மனிதரைத்தான், நிறுவனத்தை அல்ல. தீர்மானத்தில் மருத்துவரின் பெயர் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டால், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "இந்த அறிக்கையில் கையெழுத்திட உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?" என்று கேட்கும்போது பதில் சிக்கலாகும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவற்றில் சிலவற்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் சண்டை வருவது இங்கேதான்.

கட்டண முறை. மாதம் ஒரு நிலையான தொகையும், ஒவ்வொரு உடற்கூறாய்வுக்கும் தனிக் கட்டணமும் சேர்ந்த முறை பரவலாக உள்ளது. பட்ஜெட்டில் உடற்கூறாய்வுத் தலைப்புக்கு உச்சவரம்பு வைத்தால் நிதியாண்டின் கடைசி மாதங்களில் "இது மாரடைப்பாகத்தான் இருக்கும்" என்ற முடிவுகள் கூடிவிடும் ஆபத்து இருக்கிறது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வேண்டாம். மிகுந்தால் போர்டுக்குத் தகவல் வரவேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

உடலைக் கொண்டுபோவது. வேன் யாருடையது, இரவு 2 மணிக்கு நெடுஞ்சாலை விபத்து என்றால் எத்தனை நிமிடத்தில் வரவேண்டும், ஆய்வு முடிந்தபின் உடலை இறுதிச் சடங்கு நிலையத்துக்குத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒப்பந்தங்களில் அந்தச் செலவு கடைசியில் குடும்பத்தின் பில்லில் வந்து உட்காரும்.

சாட்சியம். கொலை வழக்கு விசாரணைக்கு வர ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் ஆவது சாதாரணம். அதற்குள் மருத்துவர் வேறு மாநிலம் போயிருப்பார். ஆய்வக அறிக்கையை எழுதியவரே வந்து குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009 இல் ஒரு போதைப்பொருள் வழக்கில் தீர்ப்பளித்தது. உடற்கூறாய்வு அறிக்கைக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதில் மாநில நீதிமன்றங்கள் ஒன்றுபோலச் சொல்லவில்லை. எனவே பதவி விலகிய பிறகும் பழைய வழக்குகளுக்கு வந்து சாட்சி சொல்வது, அதற்கான நாள் கட்டணம், பயணச் செலவு மூன்றையும் எழுதிவையுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு அவர் கேட்கும் தொகைதான் விலை.

உடைமை. பதிவுகள், புகைப்படங்கள், மெழுகில் பதித்த திசுத் துண்டுகள், நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் தகடுகள் எல்லாம் கவுண்டியின் சொத்து. ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் ஒப்படைக்க வேண்டும் என்று தேதி போடுங்கள். அந்தத் திசுத் துண்டுகளையும் தகடுகளையும் காலவரையின்றிப் பாதுகாக்க வேண்டும் என்பது தொழில் தரம். பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுவிசாரணை வரும்போது மிஞ்சியிருப்பது அவைதான்.

காலக்கெடு. 90 விழுக்காடு அறிக்கைகள் 90 நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும் என்ற அங்கீகார விதியையே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். நச்சுப் பரிசோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இதைவிட இறுக்கிப்பிடிப்பதில் பயனில்லை. இறப்புச் சான்றிதழில் "காரணம் நிலுவையில்" என்று இருக்கும்வரை காப்பீட்டு நிறுவனம் பணம் தராமல் இழுத்தடிக்கலாம். குடும்பங்கள் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டே இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது

மருத்துவப் படிப்புக்குப் பின் பேத்தாலஜியில் 3 அல்லது 4 ஆண்டுப் பயிற்சி, அதன்மேல் ஃபோரன்சிக் பேத்தாலஜியில் 1 ஆண்டு, பிறகு அமெரிக்கன் போர்ட் ஆஃப் பேத்தாலஜி தேர்வு என்று நீளும் பாதை இது. நாடு முழுவதும் இதை முழுநேரமாகச் செய்பவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. சம்பளமோ மருத்துவமனைப் பேத்தாலஜிஸ்ட்டைவிடக் குறைவாக இருப்பதுண்டு. விண்ணப்பங்கள் குவியும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வந்தாலே நல்லது.

மாநில லைசென்ஸ் இணையப் பதிவேட்டில் தெரியும். பழைய ஒழுங்கு நடவடிக்கைகளும் அங்கே இருக்கும். பேத்தாலஜி போர்டின் சான்றிதழைப் பார்க்கும்போது "தேர்ச்சி பெற்றவர்" என்பதும் "தேர்வெழுதத் தகுதியுள்ளவர்" என்பதும் வேறுவேறு. இரண்டாவது வகையினரை எடுத்துக்கொண்டால், எந்தத் தேதிக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள். வெளிமாநிலத்தவருக்கு மிச்சிகன் லைசென்ஸ் வாங்க மாதக்கணக்கில் ஆகலாம்; கையில் லைசென்ஸ் வராமல் பொறுப்பேற்க முடியாது.

சான்றிதழைவிட அதிகம் பேசுவது அவர் எழுதிய அறிக்கைகள். பெயர் மறைத்த மூன்று அறிக்கைகளைக் கேளுங்கள்: துப்பாக்கிச் சூடு ஒன்று, கைக்குழந்தை மரணம் ஒன்று, போதைப்பொருள் மரணம் ஒன்று. மருத்துவம் தெரியாதவரும் சிலவற்றைப் பார்க்கலாம். குண்டுக் காயம் என்றால், உச்சந்தலையிலிருந்து எத்தனை அங்குலம் கீழே, உடலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை அங்குலம் பக்கவாட்டில், காயத்தின் அளவு என்ன, சுற்றிலும் கரியோ வெடிமருந்துப் புள்ளிகளோ உண்டா இல்லையா, குண்டு உள்ளே எந்த உறுப்புகளைக் கடந்து எந்தத் திசையில் போனது, எடுத்த குண்டு யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று வரிசையாக இருக்க வேண்டும். "மார்பில் குண்டுக் காயம்" என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் அந்த விண்ணப்பத்தை மூடிவைக்கலாம். குழந்தை மரணத்தில், குழந்தை படுத்திருந்த நிலையைப் பொம்மையை வைத்து மறுபடி காட்டி எடுத்த படங்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் பழைய அறிக்கையின் மேல் எழுதும் பழக்கம்: பித்தப்பையை முன்பே அறுவை செய்து எடுத்தவருக்கு "பித்தப்பை இயல்பாக உள்ளது" என்று வந்திருந்தால், முந்தைய உடலின் வரிகள் அப்படியே நின்றுவிட்டன என்று அர்த்தம். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு வரி போதும், அறிக்கை முழுவதையும் கிழித்துவிடுவார். பரிசோதனைத் தேதிக்கும் கையெழுத்துத் தேதிக்கும் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதங்களோடு நிற்காதீர்கள். அவர் முன்பு வேலை செய்த இடத்து அரசு வழக்கறிஞர் ஒருவர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர், தலைமை விசாரணையாளர் ஒருவர் என மூவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். போலீஸ் தரப்பு மட்டும் புகழும் மருத்துவர் நமக்கு வேண்டாம்.

நேர்காணலும் தீர்மானமும்

மிச்சிகனின் 1976 ஆம் ஆண்டுத் திறந்த கூட்டச் சட்டம் புதியவர்களை இடறவைக்கும் இடம் இது. விண்ணப்பதாரர் கேட்டுக்கொண்டால் விண்ணப்பங்களின் உள்ளடக்கத்தைப் போர்டு மூடிய கூட்டத்தில் பரிசீலிக்கலாம். ஆனால் பொதுப் பதவிக்கான நேர்காணலைப் போர்டு திறந்த கூட்டத்தில்தான் நடத்த வேண்டும். இதைத் தெரியாமல் மூடிய அறையில் கேள்வி கேட்டுவிட்டு வெளியே வந்து வாக்களித்தால், யாராவது வழக்குப் போட்டு அந்த முடிவை ரத்து செய்யக் கேட்கலாம். விண்ணப்பதாரருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தற்போதைய முதலாளிக்குத் தெரியாமல் வந்தவர் கூட்ட அறையில் செய்தியாளரைப் பார்த்துத் திகைக்கக் கூடாது.

தீர்மானத்தில் இருக்க வேண்டியவை: மருத்துவரின் முழுப்பெயர், பதவிக்காலம் தொடங்கும் தேதி, முடியும் தேதி, சம்பளம் அல்லது ஒப்பந்த எண், முந்தையவரின் நியமனம் எந்த நொடியில் முடிகிறது. துணை மெடிக்கல் எக்ஸாமினர்களின் பெயர்களையும் அதே கூட்டத்தில் ஒப்புதலுக்கு வைத்துவிடுவது புத்திசாலித்தனம். மிச்சிகனில் துணை மருத்துவர்களும் லைசென்ஸ் பெற்ற மருத்துவர்களாக இருக்க வேண்டும். களத்துக்குப் போகும் விசாரணையாளர்கள் வேறு. அவர்களில் பலர் செவிலியர்கள், ஆம்புலன்ஸ் பணியாளர்கள். அவர்களுக்கென ஒரு தேசியச் சான்றிதழ் வாரியம் உண்டு. பதிவு நிலைக்கு 640 மணி நேர அனுபவமும் மேல்நிலைக்கு 4,000 மணி நேரமும் அது கேட்கிறது. புதிய மருத்துவர் வந்தவுடன் இவர்களை மாற்றப் பார்ப்பார். ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.

நீக்குவது எப்படி என்பதை நியமிக்கும்போதே எழுதுங்கள்

இதை யாரும் விரும்பிப் பேசுவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி 1969 இல் தன் தலைமை மருத்துவர் தாமஸ் நோகுச்சியை நீக்கியது; அவர் சிவில் சர்வீஸ் ஆணையத்தில் முறையிட்டு அதே ஆண்டு பதவிக்குத் திரும்பினார். நீக்கும் காரணமும் முறையும் தெளிவாக இல்லாத இடத்தில் கவுண்டிக்குத் தோல்விதான் மிஞ்சும்.

மறுபக்கமும் உண்டு. போலீஸ் காவலில் ஒருவர் இறந்து, மருத்துவர் "பிறரால் நேர்ந்த மரணம்" என்று எழுதுகிறார். மறுவாரம் போர்டு அவரை அனுப்பிவிடுகிறது என்றால் அடுத்து வருபவர் எப்படி எழுதுவார்? கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் கவுண்டியில் கரோனராகவும் இருந்த ஷெரிஃப் (கவுண்டியின் காவல்துறைத் தலைவர்) முடிவுகளில் தலையிட்டதாகக் குற்றம் சாட்டி இரண்டு பேத்தாலஜிஸ்ட்டுகள் 2017 இன் இறுதியில் விலகினார்கள். ஷெரிஃப் மறுத்தார். 2018 இல் அந்தக் கவுண்டியின் போர்டு கரோனர் வேலையை ஷெரிஃபிடமிருந்து பிரித்துத் தனி மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகம் அமைக்க வாக்களித்தது. உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் போதும்: மரணத்தின் காரணம், மரணம் நேர்ந்த விதம் பற்றிய மருத்துவ முடிவு நீக்கத்துக்குக் காரணமாகாது, நீக்க வேண்டுமானால் எழுத்து மூலம் காரணம் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். நிர்வாக ரீதியில் மருத்துவர் யாருக்குக் கீழ் என்பதிலும் கவனம் தேவை. சுகாதாரத் துறைக்குக் கீழ் இருக்கலாம், கவுண்டி நிர்வாகிக்குக் கீழ் இருக்கலாம். ஷெரிஃபுக்கோ அரசு வழக்கறிஞருக்கோ கீழ் வேண்டாம்.

பொறுப்பு கைமாறும் வாரம்

பழையவர் போகும் நாளுக்கும் புதியவர் வரும் நாளுக்கும் இடையில் ஒரு நாள்கூட இடைவெளி கூடாது. அந்த நாளில் தகன அனுமதியில் கையெழுத்திட யாருக்கும் அதிகாரம் இருக்காது.

பதவிப் பிரமாணம் முடிந்ததும், மாநிலத்தின் மின்னணு இறப்புப் பதிவு முறையில் புதியவருக்குக் கணக்குத் திறக்க வேண்டும். இதற்கான விண்ணப்பத்தைத் தீர்மானம் நிறைவேறிய மறுநாளே அனுப்பிவிடுங்கள். 911 அவசர அழைப்பு மையம், மருத்துவமனை அவசரப் பிரிவுகள், ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) நிறுவனங்கள், இறுதிச் சடங்கு நிலையங்கள், உறுப்பு தானம் பார்க்கும் கிஃப்ட் ஆஃப் லைஃப் மிச்சிகன் ஆகியோருக்கு இரவு நேர எண்ணோடு புதிய பட்டியல் போக வேண்டும். பழைய எண்ணை மூன்று மாதமாவது புதிய எண்ணுக்குத் திருப்பிவிட்டு வையுங்கள். எவ்வளவு சொன்னாலும் ஏதாவது ஒரு மருத்துவமனைச் சுவரில் பழைய தாள்தான் ஒட்டியிருக்கும்.

நிலுவைப் பட்டியலைப் பழையவரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள்: எந்தெந்த வழக்கில் அறிக்கை முடியவில்லை, எதில் நச்சுப் பரிசோதனை முடிவு வரவில்லை, யார் முடிப்பது, எந்தத் தேதிக்குள். ஒருவர் பரிசோதித்த உடலுக்கு மற்றவர் கையெழுத்திடுவது நீதிமன்றத்தில் தொல்லை தரும். முடிந்தவரை பழையவரே முடிக்கட்டும், அதற்குத் தனிக் கட்டணம் கொடுத்தாலும் நட்டமில்லை.

கடைசியாக, 4 ஆண்டு முடியும் தேதிக்கு 9 மாதம் முன்னதாகக் கவுண்டி கிளார்க்கின் நாட்காட்டியில் ஒரு குறிப்புப் போட்டுவையுங்கள். விளம்பரம், சரிபார்ப்பு, திறந்த நேர்காணல், வெளிமாநிலத்தவர் என்றால் லைசென்ஸ் எல்லாம் சேர்ந்து அவ்வளவு காலத்தை விழுங்கிவிடும்.